தீக்குச்சி அங்கேயேதான் இருந்தது

மக்களே, ஷீபா, ஜெபின்,

நேற்றுக் காலையில் சாயாவை ஆற்றிக்கொண்டே போனைத் திறந்தேன். நம்முடைய வீட்டுக் குரூப்பில் நீங்கள் ரெண்டு பேரும் அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தீர்கள். ஷீபாவின் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, ஒரு கீபோர்டு வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

"அறுபத்திநாலு பாலிஃபோனி எல்லாம் இந்தக் காலத்துல யாரு வாங்குவா? நூத்தியிருபத்தெட்டு இல்லேன்னா அது விளையாட்டுச் சாமான்" என்று ஜெபின் எழுதியிருந்தான். அதற்கு ஷீபா, "பிள்ளைக்குப் பத்து விரல்தாண்டா இருக்கு. நூத்தியிருபத்தெட்டை வெச்சு என்ன செய்யப் போறா? கால் விரலைச் சேத்தாலும் இருபதுதான்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தாள். கடைசியில், அப்பாவிடமே கேட்போம் என்று முடித்திருந்தீர்கள்.

பத்து விரல்தானே என்ற அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சாயா இறங்கவில்லை. உங்கம்மா, "என்ன, பிரஷர் குளிகை போட மறந்தாச்சா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஆனால் உண்டு. அதே மாதிரி நானும் ஒருநாள் நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தாளில் எழுதி, கீழே என் பெயரில் ஒப்பு போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அந்தத் தாள் ஒரு பெண்ணை என்ன செய்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. போனில் இவ்வளவு தட்ட எனக்குக் கை வராது, அதனால் நோட்டில் எழுதுகிறேன். ஷீபா இதைப் போட்டோ பிடித்துத் தம்பிக்கு அனுப்பு.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிறகு ரேடியோ, டிவி மெக்கானிக் கோர்ஸ். நெய்யாற்றின்கரையில் ஒரு ரேடியோக் கடையில் மூன்று வருஷம் கை காய்த்தது. அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷமும் திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் உள்ள இசைக்கருவிக் கடையின் மாடியில். கீழே விற்பனை, மேலே சர்வீஸ். என் கதை அவ்வளவுதான்.

ரிப்பேருக்கு வருவதில் பாதிக்கு மேல் அரேஞ்சர் கீபோர்டு. நீ ஒரு பாட்டை வாசித்தால், அதற்குப் பின்னால் தபலா, டிரம், பேஸ் எல்லாவற்றையும் அதுவே சேர்த்துக் கொடுக்கும். ஒருத்தன் உட்கார்ந்தால் ஆறு பேர் வாசிக்கிற மாதிரிக் கேட்கும். மேடைக் கச்சேரி நடத்துகிற கானமேளாக்காரர்களுக்கும் பஜனைக்காரர்களுக்கும் சபைகளுக்கும் அதுதான் சோறு. கோவிலிலிருந்து வருவதைத் திறந்தால் உள்ளே பஸ்மமும் குங்குமமும் இருக்கும். சபையிலிருந்து வந்தால் மெழுகு. வீட்டிலிருந்து வந்தால் பிஸ்கட் தூளும் எறும்பும். திறக்காமலே மணத்தை வைத்து இது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

கீழே வாங்க வருகிறவர்களின் ஆசைக்கு அளவே கிடையாது. பெட்டி மேல் 'ஐநூறு டோன், நூற்றைம்பது ரிதம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பாறசாலையிலிருந்து ஓர் உபதேசியார் வந்து, "நூறு பேர் நின்னு பாடுற சத்தம் இதுல வருமா?" என்று கேட்டார். நெடுமங்காட்டுக்காரர் ஒருத்தர் செண்டைச் சத்தம் இல்லை என்று மூன்றாம் நாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பெட்டியில உலக சங்கீதம்னு போட்டிருக்கே, எங்க ஊரு உலகத்துல இல்லியா சாரே?" என்று கேட்டார்.

எத்தனையோ கேட்டார்கள். பாலிஃபோனி எத்தனை என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரத்தை அந்த மெஷின் ஒலிக்க முடியும் என்கிற கணக்கு அது. கூட வரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எடை எத்தனை கிலோ என்பதற்கு அடுத்த வரியில், பொடி எழுத்தில் இருக்கும். நானும் வாசித்ததில்லை. மனுஷனுக்குப் பத்து விரல், அதற்கு மேல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ரமணி மேடம். ஸ்ரீவராகத்துத் தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயசு இளையவர், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. முதலில் எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பு உண்டு. சோல்டரிங் அயர்னை அவர் பிடித்து நான் பார்த்ததில்லை. அவர் பிடித்ததெல்லாம் ஜாப் கார்டைத்தான். வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் மூன்று கட்டம். வந்தவர் சொன்னது. நாம் கண்டது. நாம் செய்தது. முதல் கட்டத்தில் வந்தவரின் வார்த்தையைத்தான் எழுத வேண்டும், நம்முடையதை எழுதக் கூடாது. சாயங்காலம் கிளம்பும் முன்பு எல்லா அட்டைகளையும் நின்றுகொண்டே படிப்பார். முதல் கட்டத்தில் 'பவர் சப்ளை போச்சு' என்று நாங்கள் எழுதியிருந்தால், மூக்குக் கண்ணாடியை இறக்கி, "இது யாரோட வார்த்தை?" என்பார்.

"கஸ்டமர்தான் சொன்னார் மேடம்."

"பவர் சப்ளைன்னா சொன்னார்? அந்தப் பாட்டி?"

"இல்லை... 'மூச்சு விட மாட்டேங்குது'ன்னு சொன்னாங்க."

"அப்போ அதை எழுதுங்கோ."

சத்தம் போட மாட்டார். அடித்துத் திருத்தினால் ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும், அடித்தது கீழே தெரிய வேண்டும். கார்டைக் கிழிக்கவே கூடாது. நாங்கள் பின்னால் 'வாய்மொழி ரமணி' என்று சொல்லிச் சிரிப்போம். அது அவருக்கும் தெரியும்.

அவர் ஒரு வாரம் லீவில் போயிருந்தார். அந்த வாரத்தில்தான் அந்தக் கீபோர்டு வந்தது.

கரமனையில் ஒரு கானமேளா டிரூப். நடத்துகிறவர் ரகு, எனக்குப் பழக்கமான ஆள். கீபோர்டு வாசிக்கிறவன் பினு. கூட ஒரு பெண், பெயர் மரகதம். பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற தமிழ்க் குடும்பம். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசு இருக்கும். இரண்டு நாள் முன்பு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் உத்சவத்தில், சாயங்காலம் பக்தி கானமேளா. மரகதம் பாடிக்கொண்டிருந்தவள் நடுப்பாட்டில் நின்றுவிட்டாள். நம்ம ஊர் மைதானத்துக் கூட்டம் தெரியுமே. பாட்டு நின்றால் பொறுக்குமா? ஊளையிட்டுக் கூவிவிட்டார்கள். மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள்.

"சுருதி கட் ஆகிப்போச்சுன்னு இவ சொல்றா துரை சாரே," என்றார் ரகு. "எப்படி ஆகும்? கட்டை அமுங்கினபடிதானே இருந்தது? நாங்க எல்லாரும் பார்த்ததல்லே?"

அவர் சொன்னது இதுதான். சுருதிக்கென்று தனியாக ஆள் வைக்க வசதியில்லாத டிரூப்களில் ஒரு வழக்கம் உண்டு. கீபோர்டின் இடது ஓரத்தில் ஸட்ஜமும் பஞ்சமமும் உள்ள இரண்டு கட்டைகளை அமுக்கி, பக்கத்து இடுக்கில் கட்டைக்கொரு தீக்குச்சியைச் செருகிவிடுவார்கள். கட்டை மேலே எழும்பாது. பாட்டு முடியும்வரை அது பாட்டுக்கு 'ம்ம்ம்' என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். வலது பக்கத்தில் பினு பாட்டை வாசிப்பான். அன்றைக்கும் அப்படித்தான். மரகதம் நின்றதும் பினு குனிந்து பார்த்திருக்கிறான். தீக்குச்சி இருந்தது. கட்டை கீழேதான் இருந்தது. தபலாக்காரரும் பார்த்திருக்கிறார்.

"பாட்டு கனக்கும்போது சுருதி போயிருச்சு சார்" என்று மரகதம் மெதுவாகச் சொன்னாள்.

பாட்டு கனக்கிறதாம், என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அட்டையை எடுத்து முதல் கட்டத்தில் 'இடது ஓரக் கட்டை, கான்டாக்ட் சந்தேகம்' என்று எழுதினேன். கேட்பதற்கு மேடம் இல்லையே.

என் வேலையில் குறை வைக்கவில்லை மக்களே, அதையும் சொல்ல வேண்டும். பின்பக்க ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றினேன். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் கான்டாக்ட் பட்டைகளை எடுத்து, கரிப்புள்ளி ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். போர்டில் உப்புக்காற்றின் பச்சை பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். திருப்பி மூட்டி, அறுபத்தொரு கட்டையையும் இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக, மெல்லவும் அழுத்தியும் தட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு கட்டைக்கும் தீக்குச்சியே செருகி, காலை பத்து மணியிலிருந்து மதியச் சோறு முடிந்து வருவது வரைக்கும் ஒலிக்க விட்டேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதி, ரகுவுக்கு வேண்டி லெட்டர்பேடிலும் ஒரு ரிப்போர்ட்டாக எழுதி ஒப்பு போட்டேன். முத்திரை மங்கலாக விழுந்தது. இன்னொரு தடவை அழுத்திக் குத்தினேன்.

பதினோரு நாள் கழித்து, காலையில் கடை திறந்து அரை மணிக்கூர்கூட ஆகவில்லை, மரகதம் தனியாக மாடி ஏறி வந்தாள். பொன்முடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவின ஈரம்கூடக் காயவில்லை. கையில் ஒரு ஃபோட்டோகாப்பி.

"இந்த ஒப்பு உங்களதுதானா சார்?"

பார்த்தேன். ரெண்டு முத்திரை. என்னுடையதுதான்.

"இதை ரகு அண்ணன் எல்லாரையும் உக்கார வெச்சு உரக்க வாசிச்சாரு. கம்பெனி மெக்கானிக்கே எழுதிக் குடுத்துட்டாரு, மெஷின்ல குறை இல்ல, குறை உன் காதுலதான்னு சொல்லிட்டாரு. சுருதி விட்டது நான், அதை மறைக்கப் பொய் சொன்னதும் நான். இந்த சீசனுக்கு வேற பாட்டுக்காரி. திங்கக்கிழமை போஸ்டர் அடிக்கக் குடுக்கறாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தாளை எதற்குக் கேட்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மெஷினைப் பற்றி எழுதினோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்க லயத்துல எல்லார் போன்லயும் அந்தக் கூவல் வீடியோ இருக்கு சார்," என்றாள். எஸ்டேட்டில் அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். "லயத்துல பொறந்தவளுக்கு லயம் போச்சுன்னு யாரும் சொல்லிர முடியாது. அதனால சுருதி போச்சுன்னு சொல்றாங்க போல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இருந்தாலும் கேளுங்கள், அப்போதும் நான் அவளை நம்பவில்லை. "மகளே, கட்டை அமுங்கி இருந்தா சத்தம் எப்படி நிக்கும்? மூணு மணிக்கூர் வெச்சுப் பார்த்தேனே" என்றேன்.

ரமணி மேடம் லீவு முடிந்து வந்திருந்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து, "கார்டை எடுங்கோ" என்றார். எடுத்தேன். முதல் கட்டத்தைப் படித்தார். கண்ணாடி இறங்கியது.

"இது யாரோட வார்த்தை துரை சார்?"

"என்னோடது மேடம்."

"இந்தக் குழந்தை என்ன சொன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மரகதமே சொன்னாள். "பாட்டு கனக்கும்போது சுருதி போயிருச்சு."

"கனக்கறதுன்னா? எப்படிக் கனக்கும்? சொல்லும்மா."

"பல்லவியில பினு ஒரு கையாலதான் வாசிப்பான், மேடம். அப்போ சுருதி நல்லாக் கேக்கும். கடைசிச் சரணத்துல ரெண்டு டோனைச் சேத்துப் போட்டு, ரெண்டு கையையும் பரத்தி வெச்சு, காலால பெடலையும் மிதிச்சுருவான். தாளத்தையும் ஏத்திருவான். அதான் கனக்கும்போது. அப்பதான் என் காலடியில இருக்கற மானிட்டர் ஸ்பீக்கர்ல சுருதி இல்ல."

மேடம் என் பக்கம் திரும்பினார். "இத்தனையும் பண்ணிப் பார்த்தேளா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதே மேடம். ஒரு விரல்தான்."

இருபது வருஷத்துக்கு மேல் கீபோர்டு ரிப்பேர் பண்ணினவன். பத்து விரலையும் சேர்த்து ஒரு கீபோர்டில் வைத்ததில்லை. அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

ரகுவின் கீபோர்டு அங்கே இல்லை, ஆனால் அதே மாடல் கீழே ஷோரூமில் இருந்தது. மேலே கொண்டுவந்தோம். தீக்குச்சி இரண்டு செருகினேன். சுருதி ஒலித்தது. மரகதம் சொன்னபடி இரண்டு டோன் சேர்த்தேன், தாளத்தை ஓட விட்டேன், பெடலை மிதித்துக்கொண்டு வலது பக்கத்தில் ஒவ்வொரு விரலாகத் தட்டினேன். சுருதி இருந்தது. கொஞ்ச நேரம் தட்டினேன், இருந்தது. மரகதம் தலை குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபேன் சத்தம் அதிகமாக இருந்ததால், அதை நிறுத்துவோம் என்று பெடலில் வைத்த காலை எடுக்காமலே மேஜைக்கு மேலாகச் சுவிட்சை எட்டினேன். கை எட்டவில்லை. இன்னும் சாய்ந்தபோது முழங்கை முதல் மணிக்கட்டு வரை அப்படியே கட்டைகள் மேல் விழுந்தது.

தடால் என்று ஒரு சத்தம். பதறிக் கையை எடுத்தேன். தாளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போயிருச்சு" என்றாள் மரகதம்.

நான் குனிந்தேன். தீக்குச்சி இருந்தது. கட்டை கீழே அமுங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், அமுங்கித்தான் இருந்தது. சத்தம் இல்லை. தாளத்தை நிறுத்தினேன். அறையில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பவும் தீக்குச்சியை எடுத்துக் கட்டையை விட்டு அமுக்கினேன். சுருதி வந்தது. கையைப் படுக்கவைத்தேன். போனது. ஆறு தடவை செய்தேன். ஆறு தடவையும் போனது.

எத்தனையோ ஷாக் அடித்திருக்கிறது எனக்கு, மெயின் லைனில் கை வைத்துச் சுவரில் போய் விழுந்திருக்கிறேன். அன்றைக்கு அடித்த மாதிரி அடித்ததில்லை. கண்ணுக்கு முன்னால் அமுங்கியிருக்கிற கட்டை, ஊமையாக. மேடம் பெட்டிக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். எடைக்கு அடுத்த வரி. முப்பத்திரண்டு.

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் முப்பத்திரண்டு இலைதான் போட்டிருக்கிறது என்று வையுங்கள். முப்பத்துமூன்றாவது ஆள் வந்தால் அந்த மெஷின் வாசலில் நிறுத்தாது. எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவர் யாரோ அவரை எழுப்பிவிட்டு, புது ஆளுக்கு அந்த இலையைக் கொடுக்கும். சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்காது. விரல் பத்துதான். ஆனால் இரண்டு டோன் சேர்த்தால் ஒரு விரல் இரண்டு ஆள். சில டோன் ஒன்றே இரண்டு ஆளாக வரும், அப்போது ஒரு விரல் நாலு. பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் யாரும் எழும்ப மாட்டார்கள். தாளத்தில் டிரம் ஒவ்வொன்றும் ஓர் இலை. கனத்த சரணத்தில் பந்தி நிறைந்துவிடும். அப்போது எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தது யார்? பாட்டு தொடங்கும் முன்பே தீக்குச்சி வைத்து உட்கார்த்தின சுருதி. எல்லாரையும்விடப் பழைய ஸ்வரம் அதுதான். அதைத்தான் முதலில் எழுப்பிவிடும். பிறகு இடம் காலியானாலும் அது தானாகத் திரும்பி வராது, புதிதாக அமுக்கினால்தான் வரும்.

அந்தக் களேபரத்தில் சுருதி போனது வேறு யாருக்கும் தெரியாது. மேடையில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவள் பாடுகிறவள் ஒருத்திதான்.

மேடம் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "அதே நம்பரில் இன்னொரு கார்டு போடுங்கோ. பழையது பழையபடியே இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். நான் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது? மெஷினில் குறை என்று எழுத முடியாது. அதை எப்படிச் செய்தார்களோ அப்படித்தான் அது வேலை செய்கிறது. கடைசியில் இப்படி எழுதினேன். 'வந்தவர் சொன்னது: பாட்டு கனக்கும்போது சுருதி போயிருச்சு. கண்டது: அவர் சொன்னது சரி. கட்டை அமுங்கியிருக்கும்போதே சுருதி நிற்கிறது. ஆறு தடவை பார்த்தோம். முன்பு குறை இல்லை என்று எழுதியது ஒரு விரலால் சோதித்து எழுதியது.' லெட்டர்பேடிலும் அதையே எழுதினேன்.

சனிக்கிழமை கரமனையில் பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள அவர்களுடைய ரிகர்சல் அறைக்கு நானும் மரகதமும் போனோம். மேடம் வரவில்லை. "ஒப்பு உங்களோடது, நீங்களே போங்கோ" என்றுவிட்டார். உள்ளே ஏழெட்டுப் பேர்.

ரகு என்னைப் பார்த்து, "எந்தா துரை சாரே, வக்காலத்தா?" என்றார்.

"பினு, அன்னைக்கு வாசிச்ச மாதிரியே வாசி. தீக்குச்சி வெச்சு" என்றேன்.

பினு வாசித்தான். மரகதம் பாடவில்லை, சும்மா நின்றாள். பல்லவி, அனுபல்லவி எல்லாம் நன்றாகப் போனது. கடைசிச் சரணத்தில் அவன் இரண்டு கையையும் பரப்பிப் பெடலை மிதித்தபோது மரகதம் விரலைத் தூக்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். பினு கையையும் காலையும் எடுத்தான். தாளத்தை அணைத்தான்.

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். தபலாக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "குச்சி இருக்கே!" என்றார். பினு அந்தக் கட்டையை வெறித்துப் பார்த்தபடி இருந்தான். ரகு கிட்டே வந்து, நான் தொட்ட மாதிரியே விரலால் தொட்டுப் பார்த்தார்.

கையோடு கொண்டுபோன புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். "முப்பத்திரெண்டா?" என்று ரகு கத்தினார். "பெட்டியில அஞ்ஞூறுன்னு எழுதியிருக்கல்லோ!"

"ஐநூறு வகைச் சத்தம் உள்ளே இருக்கு. ஒரே நேரத்துல வாய் திறக்கறது முப்பத்திரண்டுதான்."

அவர் அப்படியே ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். நான் புது ரிப்போர்ட்டை நீட்டினேன். கண்ணால் ஓட்டிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"அண்ணே," என்றாள் மரகதம். "அன்னைக்கு அதை உரக்க வாசிச்சீங்கல்ல. இதையும் வாசிங்க."

ரகு வாசித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளத்தில் எழுதித் தந்திருந்தேன். 'ஒரு விரலால் சோதித்து எழுதியது' என்ற இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வாசித்து முடித்ததும் ரகு எழுந்து, "மோளே, க்ஷமிக்கணும். போஸ்டர்ல உன் பேரு இருக்கும்" என்றார். அதில் குறை சொல்ல முடியாது, மனசறிந்துதான் சொன்னார்.

மரகதம் அறையில் இருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இங்க எட்டுப் பேருக்குத் தெரிஞ்சிருச்சு. அன்னைக்குக் கூவினவங்களுக்கு யாரு சொல்லுவா?"

பினு அழுதுவிட்டான். நானும் அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

நான் கிளம்பும் முன்பே அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். சுருதிக்குத் தனிப் பெட்டி வேண்டும். அடுத்த வருஷம் அதே மைதானம் வேண்டும், அதே பாட்டு வேண்டும். ரகு சரி என்றார். நான் அன்றிலிருந்து 'குறை இல்லை' என்று எங்கே எழுதினாலும், எப்படிச் சோதித்தேன் என்று பக்கத்தில் எழுதாமல் ஒப்பு போட்டதில்லை. பென்ஷன் இல்லாத வேலையில் நான் கொண்டுவந்த மாற்றம் அது ஒன்றுதான்.

உங்கள் சண்டைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அறுபத்திநாலே தாராளம், ஜெபின் சும்மா இருக்கட்டும். ஆனால் ஷீபா, விரலை எண்ணிக் கணக்குப் போடாதே. பிள்ளை வளர்ந்து டோனைச் சேர்த்துப் பெடலை மிதிக்கிற காலம் வரும். அப்போது 'அம்மா, ஏதோ ஒண்ணு கேக்கலை' என்று அவள் சொன்னால், கட்டையைப் பார்க்காதே. அவள் சொன்னதை அப்படியே எழுதி வை.

அடுத்த வருஷம் அந்த உத்சவத்துக்குப் போனேன். நெய்யாற்றின்கரையில் ஒரு வேலை இருக்கிறது என்று உங்கம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். மைதானத்தில் கடலைக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மரகதம் வந்தாள், பக்கத்து ஸ்டூலில் சின்னச் சுருதிப்பெட்டி. அதே பாட்டு. கடைசிச் சரணம் நெருங்க நெருங்க என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பினு இரண்டு கையையும் பரப்பினான். பாட்டு கனத்தது. அவள் நிற்கவில்லை. சரணத்தின் உச்சியில் ஏறி, அங்கேயே நின்று, நிதானமாக இறங்கினாள். கூட்டம் கைதட்டியது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனுஷர் பக்கத்தில் உள்ளவரிடம் சொன்னார்: "போன வருஷம் நம்ம கூவி இறக்கின பெண்ணல்லே இது? இந்தத் தடவை நல்லா படிச்சிட்டு வந்திருக்கா, கேட்டோ."

அவருடைய தோளைத் தொட்டேன். திரும்பினார்.

"போன வருஷமும் சரியாத்தான் பாடினா," என்றேன். "நின்னது சுருதி. மெஷினில் நின்னுபோச்சு. அது இவளுக்கு மட்டும்தான் கேட்டுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது சாருக்கு எப்படித் தெரியும்? சார் ஆரா?"

"குறை இல்லைன்னு எழுதி ஒப்பு போட்டவன்" என்றேன்.